டாங்கி மாடலில் கோளாறா? எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு, பாதியில் நின்றுபோன டாங்கி மாடலை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார்கள். காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள், ராணிப்பேட்டையிலிருந்து ஒரு ஃபிட்டர், மகனுக்கு என்று வாங்கித் தானே கட்ட உட்கார்ந்துவிட்ட ஆரணி டீச்சர் ஒருவர். ஆட்கள் மாறுகிறார்கள், கோளாறு மாறுவதில்லை. திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு விஷயம். பிழை எந்த அடுக்கில் தெரிகிறதோ, காரணம் பெரும்பாலும் அதற்குக் கீழ் அடுக்கில் இருக்கும். டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) வெளுத்தால் பெயின்ட்டைப் பாருங்கள். பெயின்ட் உரிந்தால் பிளாஸ்டிக்கைக் கழுவினோமா என்று யோசியுங்கள். தெரிகிற இடத்திலேயே மேலும் மேலும் பூசிக்கொண்டு போனால் இரண்டு வாரம் வீண். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு பிடிக்கும் வழி கடைசியில் வரும். அளவெல்லாம் 1/35 கிட்டுக்கு, அதாவது நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பாகம் பாகமாக வரும் பெட்டிக்குச் சொல்கிறேன்.

## ஒட்டிய பாகம் கையோடு வந்துவிடுகிறது

ஒட்டும் முகத்தில் பெயின்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும், பெயின்ட்டைப் பிடித்து நிற்காது. பிளேடு முனையால் இரண்டு பக்கமும் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

பெயின்ட் இல்லையென்றால், பாகம் எதனால் ஆனது என்று பாருங்கள். பித்தளைத் தகடு, ரெசின் இரண்டுக்கும் பிளாஸ்டிக் சிமென்ட் வேலைக்காகாது. ஃபெவிக்விக் வகைப் பசைதான் வேண்டும். அதைக் குப்பியிலிருந்து நேராக ஊற்றாமல், குண்டூசி முனையில் ஒரு துளி எடுத்து வையுங்கள்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம் படிந்திருந்தால் அது ஃபெவிக்விக்கின் ஆவி. பெயின்ட் அடிக்கப்போகிற இடம் என்றால் கவலையில்லை, பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மறைத்துவிடும். ஹெட்லைட் கண்ணாடி, பெரிஸ்கோப் மாதிரி ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு மட்டும் அந்தப் பசையைத் தொடாதீர்கள். வெள்ளை ஃபெவிகால் ஒரு சொட்டு போதும்.

## தரையில் வைத்தால் ஆடுகிறது, ஒரு சக்கரம் தூக்கி நிற்கிறது

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்கவைத்து அதன் மேல் டாங்கியை வையுங்கள். தரை சமமா, டாங்கி கோணலா என்பது அதிலேயே தெரியும்.

*ஒரே ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தால்:* அந்தச் சக்கரத்தை அடிப்பாகத்தோடு இணைக்கும் கை சரியான கோணத்தில் உட்காரவில்லை. பசை வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையென்றால், மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடியில் மெல்லிய பிளேடு விட்டுப் பிரித்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

*மூலைக்கு மூலை ஆடினால்:* அடிப்பாகமே முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேல்பாகம் இன்னும் ஒட்டவில்லையென்றால் சுடுதண்ணீர்தான் மருந்து. கொதிநீர் கூடாது. கை வைத்தால் உடனே எடுத்துவிடுகிற சூடு போதும். அரை நிமிடம் முக்கி, எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருகிப் பிடித்து, குளிர்ந்த நீரில் வையுங்கள். ஒரே தடவையில் நேராகாது. மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

மேல்பாகத்தையும் ஒட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் திருகிப் பார்க்கவே வேண்டாம், தையல் பிளந்துவிடும். சக்கரங்களின் அடியை உப்புத்தாளில் துளித்துளியாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். டிராக் (சக்கரங்களைச் சுற்றிவரும் சங்கிலிப் பட்டை) போட்டபின் தெரியாது.

கிட் பெட்டியைப் பரணில், அதுவும் ஷீட் கூரைக்கு அடியில் வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, ஷீட்டுக்கு அடியில் இருக்கும் சூட்டை நான் சொல்லத் தேவையில்லை. நீளமான பீரங்கிக் குழல்தான் முதலில் வளையும்.

## டிராக் ரப்பர் பேண்டு மாதிரி விறைத்து நிற்கிறது

எந்த டாங்கி என்பதைப் பொறுத்து இது பிழையாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். சென்சூரியன் கட்டுகிறீர்களா? பக்கவாட்டுத் தகடுகள் மேல் டிராக்கை மறைத்துவிடும், விட்டுவிடுங்கள். டி-55 கட்டுகிறீர்களா? அதில் டிராக்கின் மேல்பக்கத்தைத் தாங்கும் உருளைகளே கிடையாது. டிராக் சக்கரங்களின் மேலேயே படுத்துக் கிடக்கும். அங்கே விறைப்பாக நின்றால் பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும்.

டிராக்கைச் சக்கரத்தின் மேல் அழுத்தி, அதற்கும் மட்கார்டுக்கும் நடுவே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டித் திணியுங்கள். தொடும் இடங்களில் ஊசி முனையால் ஃபெவிக்விக் வையுங்கள். ஒரு ராத்திரி கழித்து ஸ்பாஞ்சை உருவிக்கொள்ளலாம். டி-55 இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி அதிகம். அந்த இடத்தில் டிராக் சற்றுக் கூடுதலாகத் தொய்ய வேண்டும்.

இரண்டு முனையும் ஒட்டவே மாட்டேன் என்கிறதா? பழைய கிட்களின் வினைல் டிராக் பசைக்கு லேசில் மசியாது. ஸ்டேப்ளர் பின் ஒன்று அடித்து, அந்த இணைப்பைச் சக்கரத்துக்கு அடியிலோ தகட்டுக்குப் பின்னாலோ தள்ளிவிடுங்கள்.

டிராக் பட்ட இடத்தில் சக்கரம் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால், வினைலில் இருக்கும் எண்ணெய் பிளாஸ்டிக்கைத் தின்றிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. வேறு சக்கரம் மாட்டி, அதற்கு நன்றாகப் பெயின்ட் அடித்தபின் டிராக் போடுங்கள். இன்னும் காசு செலவழிக்கலாம் என்றால் கண்ணி கண்ணியாகக் கோக்கும் பிளாஸ்டிக் டிராக் வாங்கலாம்.

## பெயின்ட் சொரசொரவென்று மணல் மாதிரி இருக்கிறது

என்னிடம் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இதுதான். மார்ச் முதல் ஜூன் வரை வேறு எதுவும் வருவதில்லை என்றே சொல்லலாம். ஏர்பிரஷ்ஷிலிருந்து (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) கிளம்பிய பெயின்ட் டாங்கியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய அளவுகளை நம் ஊரில் அப்படியே பிடித்துக்கொண்டால் இது நடக்கத்தான் செய்யும்.

நகத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தூள் கையில் வந்தால் காற்றில் காய்ந்த பெயின்ட். தூள் வராமல் நறுக்கென்று தட்டுப்பட்டால் அது உண்மையான தூசு, அறையைத்தான் துடைக்க வேண்டும்.

தூள் வந்தால் இந்த வரிசையில் மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.

நேரத்தை முதலில் மாற்றுங்கள். மதியம் அடிக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு, பால் வாங்கி வந்த கையோடு உட்காருங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். இது நமக்குக் கஷ்டம்தான், ஆனால் பத்து நிமிட வேலை. ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

அப்படியும் சொரசொரத்தால் தூரத்தைக் குறையுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடிப்பவர்கள் அதில் பாதியாக்குங்கள். அடுத்தது காற்றழுத்தம். 25, 30 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 15க்கு இறக்குங்கள். அதன்பின் தின்னர். அக்ரிலிக்கைப் பால் பதத்துக்குக் கரைக்கச் சொல்வார்கள். வெயில் காலத்தில் நான் மோர் பதத்துக்குக் கொண்டுபோகிறேன், நீர்மோர் என்றே சொல்லலாம். கடைசியாக ரிடார்டர், அதாவது காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம். கோப்பைக்கு ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

ஏற்கெனவே சொரசொரத்த டாங்கியைத் தூக்கிப்போட வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்தாலே பாதி போய்விடும். மீதிக்கு 1500 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, தகட்டில் புடைத்திருக்கும் ஆணித் தலைகள் மேல் போகாமல் தேய்த்து, மெல்லிய கோட் ஒன்று கொடுங்கள்.

*சொரசொரப்பு இல்லை, வெண்மையாகப் பனி படர்ந்த மாதிரி இருக்கிறது என்றால்* அது ஐப்பசி கார்த்திகைக் கோளாறு. மழை ஈரத்தில் லாக்கர் பெயின்ட்டோ மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷோ அடித்தால் இப்படி வெளுக்கும். மேலேயே இன்னொரு மேட் கோட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள், இன்னும் வெளுக்கும். வெயில் வந்த நாளில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள். பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். அது காய்ந்தபின் மேட் வார்னிஷைக் குறைந்தது இரண்டு நிமிடம் குலுக்கி, தூவினாற்போல் அடியுங்கள்.

*டேப்போடு தோல் மாதிரி உரிந்து வந்தால்* கிட்டைக் கழுவவில்லை, பிரைமர் போடவில்லை, அல்லது ஒரு நாள்கூடக் காயவிடாமல் டேப் ஒட்டிவிட்டீர்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய எண்ணெய் பாகங்களில் ஒட்டியிருக்கும். அதோடு நம் கை வியர்வையும் சேரும். பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே பாத்திரம் துலக்கும் திரவத்தில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவிவிடுங்கள். டேப்பை ஒட்டும் முன் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் அதன் வேகம் குறையும். சின்ன இடம் உரிந்திருந்தால் ஓரத்தைத் தேய்த்துத் தொட்டுவிடலாம். பெரிய தகடாக உரிந்தால் முழுதும் களையத்தான் வேண்டும். அக்ரிலிக் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் கழன்றுவிடும்.

*எனாமல் மூன்று நாளாகியும் ஒட்டுகிறது என்றால்* எதில் கரைத்தீர்கள் என்று கேட்பேன். மண்ணெண்ணெய் என்று பதில் வரும். அதை விட்டுவிட்டு டர்பன்டைன் வாங்குங்கள். இப்போதைக்கு அந்த டாங்கியை மூடிவைத்து ஒரு வாரம் தொடாமல் இருங்கள்.

*ஆணித் தலைகள் கரைந்து வழவழவென்று ஆகிவிட்டது என்றால்* ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர். மரச்சாமானுக்கும் காருக்கும் உள்ள சரக்கு அது, வெறும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த டரட்டில் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) விரல் ரேகையே பதிந்திருந்தது. சூடான வெல்லப்பாகைத் தொட்ட மாதிரி ஐந்து விரலும் தெரிந்தது. இதைச் சரிசெய்ய முடியாது. அந்தப் பாகத்தை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கிட் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

## டீகாலுக்கு அடியில் வெள்ளி மினுக்குகிறது

அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மேட் பெயின்ட் மேல் ஒட்டினால் சிக்கத்தான் செய்யும். மெல்லிய ஊசியால் நாலைந்து இடம் குத்தி, டீகால் மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஈர பட்ஸால் ஒற்றுங்கள். திரவம் இல்லையென்றால் வெள்ளை வினிகரைப் பாதித் தண்ணீர் கலந்து பாருங்கள். வேகம் குறைவு, ஆனால் புது டீகாலுக்கு ஓரளவு போதும். அடுத்த டாங்கிக்கு, டீகால் ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

டீகாலைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அது காற்றில்லை, நம் போர்வெல் தண்ணீர். எங்கள் தெருத் தண்ணீரைக் குடத்தில் ஒரு வாரம் வைத்தாலே உப்புக் கோடு கட்டும். அதே உப்புதான் டாங்கியிலும் காய்கிறது. ஈர பட்ஸால் துடைத்து, இனிமேல் கேன் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் போட்டவுடன் துண்டு துண்டாகிறதா? பழைய டீகால். மீதித் தாள் முழுக்க வார்னிஷ் அடித்துக் காயவைத்து, ஒவ்வொரு குறியாக வெட்டி எடுங்கள். நம் ராணுவ வண்டி எண்ணில் முதலில் வரும் அம்பு மேல்நோக்கி நிற்க வேண்டும். ஒட்டும் அவசரத்தில் அதைத் தலைகீழாக்கிவிடாதீர்கள்.

## வாஷ் போட்டேன், டாங்கி முழுக்கக் கறை

வாஷ் என்றால் நீர்க்கக் கரைத்த கருநிறப் பெயின்ட். கோட்டில் மட்டும் தங்க வேண்டிய அந்தப் பழுப்பு, தகடு முழுக்கப் பரவியிருந்தால் கீழே மேட் பெயின்ட் என்று அர்த்தம். இன்னும் ஈரமாக இருந்தால் டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் மேலிருந்து கீழாக இழுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம், மழைநீர் ஓடும் திசையில்தான் கை போக வேண்டும். காய்ந்துவிட்டாலும், கீழே அக்ரிலிக் இருந்தால் அதே டர்பன்டைன் பெரும்பகுதியை எடுத்துவிடும். கீழேயும் எனாமல் என்றால் நிறுத்துங்கள், அடிநிறமே கரைந்து வரும். அடிநிறத்தை மிக நீர்க்கக் கரைத்து மேலே ஒரு மெல்லிய திரை போல அடிப்பதுதான் வழி.

வாஷ் போட்ட மறுநாள் சக்கரக் கை படக்கென்று முறிந்ததா? டர்பன்டைன் பெயின்ட் படாத பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, ஏற்கெனவே இழுபட்டு நின்ற இடத்தை வெடிக்க வைத்திருக்கிறது. உள்ளே துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்டுங்கள். அடுத்த முறை அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

## அழுக்கு அதிகமாகிவிட்டது

மாடல் நிஜமாகத் தெரிய அழுக்கு, துரு, கீறல் எல்லாம் நாமே போடுவோம். எங்கே நிறுத்துவது என்று நான் கற்றது ஒரு பெரியப்பாவிடம். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டைக்காரர். ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியை வருடக் கணக்கில் ஓட்டியவர். நான் ரொம்பப் பெருமையோடு அவரிடம் ஒரு சென்சூரியனைக் காட்டினேன். தகடெல்லாம் துரு, மூலையெல்லாம் வெள்ளிக் கீறல், மேலே பாலாற்றங்கரையில் சலித்தெடுத்த செம்மண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, பழைய இரும்புக் கடையில இருந்து எடுத்தாந்தியா? வண்டிய இப்பிடி வெச்சிருந்தா எங்கள நிக்க வெச்சித் தோல உரிச்சிருப்பாங்கப்பா."

அப்புறம் சுண்டுவிரல் நகத்தால் மூன்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். டிரைவர் பூட்ஸ் வைத்து ஏறும் முன் மூலை. கமாண்டர் கை ஊன்றும் மூடி விளிம்பு. டீசல், ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி. "இங்க தேயும். மத்த எடம் தூசிதான். தினம் தொடைப்போம்ல." அன்று முதல் இந்த மூன்று இடத்தை விட்டு நான் வெளியே போவதில்லை.

அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

*கீறல்.* 1/35 இல் 1 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். அந்த அளவுக் கீறல் டாங்கியில் எத்தனை இருக்கும் என்று யோசித்துவிட்டு, மற்றதை அடிநிறத்தால் நுனித் தூரிகை கொண்டு மூடுங்கள். வெள்ளி நிறத்தை எடுத்துவிடுங்கள். பெயின்ட் பெயர்ந்த எஃகு கொஞ்ச நாளில் கரும்பழுப்பாகிவிடும். பளபளப்பு வேண்டிய டிராக் பல்லுக்கு 6பி பென்சில் தூளை விரலால் தேயுங்கள், அதுவே இரும்பு.

*துரு.* புகைக் குழாயிலும், கழற்றித் தொங்கவிடும் சங்கிலி, கருவிகளிலும் இருக்கட்டும். கவசத் தகட்டிலிருந்து எடுங்கள்.

*புகைக் கரி.* டி-55 இல் புகைவாய் இடது பின்பக்கம் மட்டும்தான். வலது பக்கமும் கரி பூசியிருந்தால் துடைத்துவிடுங்கள். டிரைவர் உட்காருவதும் டி-55 இல் இடது பக்கம், சென்சூரியனில் வலது பக்கம். பூட்ஸ் தேய்மானம் அதற்கேற்ப இடம் மாற வேண்டும்.

*மண்.* இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நம் ஊர்ச் செம்மண்ணைப் பஞ்சாபில் சண்டையிட்ட டாங்கிமேல் போடக்கூடாது. அங்கே மண் வெளிறிய சாம்பல் பழுப்பு. 1965 செப்டம்பரில் அசல் உத்தரில் கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் திணறின. அங்கே அகப்பட்ட பேட்டனைக் கட்டுகிறீர்கள் என்றால் சக்கரத்திலும் அடிவயிற்றிலும் ஈரச் சேறு வேண்டும். டரட் மேல் சேறு எப்படி ஏறும்? அதைத் துடையுங்கள். தவிர, எவ்வளவு சலித்தாலும் நிஜ மண் 1/35க்குச் சரளைக்கல் மாதிரிதான் தெரியும். ஓவியக் கடையில் கிடைக்கும் சாக் பேஸ்டலை உப்புத்தாளில் உரசித் தூளாக்குங்கள்.

எல்லாம் கழித்தும் மனசு ஆறவில்லையென்றால், தூசு நிறத்தை நீர்மோரைவிட நீர்க்கக் கரைத்து, சக்கர மட்டத்துக்கு மட்டும் அடித்து, அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் அழுக்கு எப்போதும் குறைவாகத்தான் தெரியும், அதனால்தான் ராத்திரியில் அதிகமாகப் போட்டுவிடுகிறோம்.

*தூசுத் தூள் வார்னிஷ் அடித்ததும் காணாமல் போகிறதா?* அது அப்படித்தான். வார்னிஷை முதலில் முடித்துவிட்டு, தூளைக் கடைசியில் போட்டு, டர்பன்டைன் ஒரு சொட்டு அருகில் தொட்டு ஊறவிடுங்கள். அதன்பின் அந்த இடத்தைக் கையால் தொடாதீர்கள்.

## ஏர்பிரஷ் துப்புகிறது, கம்ப்ரசர் நிற்கவில்லை

துப்பினால் ஊசி நுனியில் பெயின்ட் காய்ந்திருக்கும். தின்னர் நனைத்த பட்ஸால் துடையுங்கள், வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். கோப்பைக்குள் குமிழி வந்தால் முன்மூடியை இறுக்குங்கள். இறுக்கியும் வந்தால் நாசில் விரிசல், புதுசு வாங்க வேண்டியதுதான். தண்ணீர் துப்பினால் ஈரம் பிடிக்கும் கிண்ணத்தையும் கம்ப்ரசர் டாங்க்கின் அடித் திருகையும் திறந்து வடியுங்கள்.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வரும் இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுங்கள். கசிவு இல்லாமலும் நிற்கவில்லை, அல்லது தொட்டால் ஷாக் அடிக்கிறது, ஃபியூஸ் போகிறது என்றால் பிளக்கைப் பிடுங்கி மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். அழுத்தமுள்ள டாங்க்கை வீட்டில் பிரிக்காதீர்கள்.

ஆள் தேவைப்படும் இன்னொரு இடம் பீரங்கிக் குழல். இரண்டு பாதியாக வரும் குழலில் தையல் தேய்த்துத் தேய்த்து முட்டை வடிவமாகிவிட்டால், அளவோடு லேத் பட்டறைக்குப் போங்கள். அலுமினியக் கம்பியில் சரிவாகக் கடைந்து தருவார்கள். ஒரு டாங்கிக்கு என்று போனால் யோசிப்பார்கள், நான்கு குழலுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பசையோ தின்னரோ கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவியபடியே ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பி, கண் டாக்டரிடம் போய்விடுங்கள். ஃபெவிக்விக்கால் இமை ஒட்டிக்கொண்டால் பிரித்து இழுக்காதீர்கள். ஊதுபத்தி எரியும் அறையில் லாக்கர் அடிக்காதீர்கள். ஆரணி டீச்சர் பூஜை அறைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருந்தார், போன வாரம் நானே போய் அதை வராண்டாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.